முசோலினி காலத்து இத்தாலியில் சின்ன கால்பந்து கிளப்புகள்: ஏறவும் இறங்கவும் என்ன விதி?

1926 ஆகஸ்ட் 2 அன்று வெளிவந்த, இத்தாலியக் கால்பந்தின் புது விதித் தொகுப்பான வியாரெஜியோ சாசனம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்த வருடம் நடுவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, கால்பந்து சம்மேளனத்தின் நிர்வாகிகள் ராஜினாமா செய்தார்கள். பாசிஸ்டுகள் கையில் இருந்த இத்தாலிய ஒலிம்பிக் கமிட்டி, மூன்று பேரை உட்காரவைத்துப் புது விதிகளை எழுதி வாங்கியது. கிளப்புகள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அதோடு போயிற்று. இனி எல்லாம் நியமனம். போலோன்யா நகரத்து பாசிஸ்ட் தலைவர் லேயான்ட்ரோ அர்பினாத்தி சம்மேளனத் தலைவரானார். தலைமை அலுவலகமும் அவர் ஊருக்கே போனது.

அதுவரை வடக்கும் தெற்கும் தனித்தனியாக ஆடி, கடைசியில்தான் மோதிக்கொள்ளும். சாசனம் இரண்டையும் ஒரே ஏணியில் ஏற்றியது. உச்சியில் 20 அணிகள் கொண்ட தேசிய டிவிஷன்: 17 வடக்கிலிருந்து, ரோமிலிருந்து 2, நேப்பிள்ஸிலிருந்து 1. அதற்குக் கீழே முதல், இரண்டாம், மூன்றாம் டிவிஷன்கள்.

ஒரு கிளப் எந்தப் படியில் நிற்கிறதோ, அதைப் பொறுத்து அதற்குக் கடிதம் வரும் அலுவலகமும் மாறும். மேல் இரண்டு படிகளை ‘உயர் டிவிஷன்கள் நிர்வாகக் குழு’ நடத்தியது. இரண்டாம் டிவிஷனுக்கு ‘கீழ் டிவிஷன்கள் நிர்வாகக் குழு’, அதிலும் வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. மூன்றாம் டிவிஷன் அந்தந்த மாகாணக் குழுவின் பொறுப்பு. சம்மேளனத்துக்கு வெளியே 1917 முதல் சுதந்திரமாகப் போட்டி நடத்திவந்த அமெச்சூர் சங்கத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஆலை, அலுவலகத் தொழிலாளர்களின் ஓய்வுநேர விளையாட்டுக்கு தோப்போலவோரோ என்ற அரசு அமைப்பு தனியாக இருந்தது.

ஆட்டக்காரர்களை அமெச்சூர், அமெச்சூர் அல்லாதவர் என இரண்டாகப் பிரித்தார்கள். பிந்தையவர்களுக்குப் பணம் கொடுக்கலாம். அதற்கு முன்பும் பணம் கைமாறத்தான் செய்தது, கணக்கில் வராமல். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கொஞ்சம் அவகாசம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். பெரும்பாலும் ஹங்கேரி, ஆஸ்திரியாக்காரர்கள். தடை ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் என்பதால் ஹங்கேரியப் பயிற்சியாளர்கள் தொடர்ந்து வேலை பார்த்தார்கள்.

சரி, ஏறுவதும் இறங்குவதும் எப்படி? காகிதத்தில் எளிது: மேலே முடித்தால் ஏறலாம், கடைசியில் முடித்தால் இறங்க வேண்டும். ஆனால் பேனா சம்மேளனத்தின் கையில் இருந்தது. 1926–27இல் நேப்பிள்ஸ் அணி 18 ஆட்டங்களில் ஒன்றை டிரா செய்து மீதி 17இலும் தோற்றது. மொத்தம் 1 புள்ளி. இறங்கியிருக்க வேண்டும். ஆனால் தெற்கில் கால்பந்து வளர வேண்டும் என்று மேலேயே வைத்துக்கொண்டார்கள். அதே வருடம் கீழே போன வேறு அணிகள் என்ன நினைத்திருக்கும்?

1929இல் மேல் இரண்டு படிகளாக செரி ஆ, செரி பி வந்தபோதும் இதே கதை. செரி ஆவில் 16 அணிகள் என்பதுதான் திட்டம். ரோமின் லாட்சியோவும் நேப்பிள்ஸும் செரி ஆவுக்குத் தகுதி தரும் கடைசி இடத்துக்குச் சமமாக நிற்க, மிலானில் நடந்த கூடுதல் ஆட்டமும் 2-2 டிரா. இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியானால் 17 ஆகிறதே என்று, எல்லை நகரமான திரியெஸ்தேயின் அணியையும் சேர்த்து 18 ஆக்கினார்கள். திரியெஸ்தே முதல் உலகப்போருக்குப் பிறகுதான் இத்தாலியின் கைக்கு வந்த ஊர். தேசப்பற்றும் ஒரு தகுதியாகிவிட்டது.

முதல் டிவிஷன் இப்போது மூன்றாம் படிக்கு வந்துவிட்டது. அது வருடாவருடம் ஊதிக்கொண்டே போக, 1935இல் அதைப் பிரித்து, தேறிய அணிகளைக் கொண்டு நான்கு பிரிவுகளாக செரி சியைத் தொடங்கினார்கள். மிச்சமிருந்த முதல் டிவிஷன் மாகாண அளவுக்குச் சுருங்கியது. இரண்டு பிரிவாக ஓடிக்கொண்டிருந்த செரி பியும் மறுபடி ஒன்றானது. அப்புறம் செரி சியும் ஊதியது; போர்க்காலத்தில், 1942–43இல், 12 பிரிவுகள். தூரப் பயணம் செய்ய முடியாத காலத்தில் அதிலும் நியாயம் உண்டு.

1943இல் முறையான லீக் நின்றது. மறுவருடம் வடக்கில் மட்டும் ஒரு போட்டி நடத்தினார்கள். அதில் செரி பி கிளப்பான ஸ்பெட்ஸியா, தீயணைப்புப் படையின் பெயரில் இறங்கி, 1944 ஜூலை 16 அன்று மிலானில் பலம் வாய்ந்த தொரினோவை 2-1 என வென்றது. சாம்பியன் பட்டம் தர சம்மேளனம் மறுத்துவிட்டது. 2002இல்தான், அதுவும் கௌரவ அங்கீகாரமாக மட்டும், ஸ்பெட்ஸியாவின் வெற்றியைப் பதிவுசெய்தார்கள்.