55 வயதில் கைக்கு வரும் இபிஎப்: அதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டியவை

புறக்கோட்டைக் கடைகளிலும் கொழும்புக் கம்பனிகளிலும் வேலை செய்யும் நம்மவர் பலருக்கு, முதுமைக்கென்று இருக்கும் ஒரே காசு ஊழியர் சேமலாப நிதிதான். பேச்சுவழக்கில் இபிஎப். அரச ஊழியருக்குப் போல மாதாமாதம் ஓய்வூதியம் வராது. ஒரு தடவை ஒரு தொகை வரும், அதோடு சரி.

இலங்கையில் 2012 கணக்கெடுப்பிலேயே 60 வயதைக் கடந்தவர்கள் 12 சதவீதத்துக்கு மேல். பிள்ளைகள் குறைவு, இருக்கும் பிள்ளைகளும் வெளிநாட்டில் என்றாகிவிட்ட வீடுகள் வெள்ளவத்தையில் எத்தனையோ. அதனால்தான் இந்தக் காசைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி தன் கையில் இருந்து 12 சதவீதம் போட வேண்டும். சம்பளம் 50,000 ரூபா என்றால் 4,000 உங்களுடையது, 6,000 முதலாளியுடையது. மாதம் 10,000 சேரும். இது தவிர ஊழியர் நம்பிக்கை நிதியம் (இடிஎப்) என்ற இன்னொரு நிதிக்கு முதலாளியே 3 சதவீதம், அதாவது 1,500 ரூபா கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

பெரும்பாலும் ஏமாறுவது 'சம்பளம்' என்ற சொல்லில்தான். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும் இடங்கள் உண்டு. வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைக் கொடுப்பனவு, கமிஷன் எல்லாம் கணக்கில் வரும். ஓவர்டைம் வராது. தற்காலிக வேலை, நாட்கூலி என்றாலும் உரிமை உண்டு. 'நிரந்தரமானதும் போடுவோம்' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்டிவிட வேண்டும். தாமதித்தால் முதலாளிக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம். சம்பளச் சிட்டையில் பிடித்திருக்கிறார்கள் என்பதால் கட்டியும் இருப்பார்கள் என்று அர்த்தமில்லை. கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, சிட்டையோடு வைத்துப் பாருங்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பிழையாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். குறை இருந்தால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். நிதியைப் பராமரிப்பது மத்திய வங்கி.

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தை எடுக்கலாம், வேலையில் இருந்தபடியே. ஆனால் 55 ஆனதும் வேலையும் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார்துறையின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வரும் நிறுவனம், வயதைக் காரணம் காட்டி அதற்கு முன் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

இடையில் அவசரம் வந்தால்? 10 வருடம் கட்டி, கணக்கில் குறைந்தது 3 லட்சம் ரூபா இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம். முடிந்தால் தொடாமல் விடுங்கள். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்களும் பணத்தை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தங்கச்சிமாருக்கு நான் சொல்வது, அதை நகையாக்க வேண்டாம்.

அப்புறம், உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று பெயர் கொடுத்திருக்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் கொடுத்தவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.