தட்டில் பக்கத்தில் இருப்பது எது?

துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கடுந்தேநீரில் போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் தேநீர் மை மாதிரி கறுத்துப் போகும். (குடித்துப் பார்க்க வேண்டாம்!) தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் இரும்பைக் கவ்விக்கொண்டதால் வந்த கறுப்பு அது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குடலிலும் ஏறக்குறைய இதே கதைதான். கவ்வப்பட்ட இரும்பு உடம்பில் சேராமல் வெளியே போய்விடுகிறது.

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு பெரும்பாலும் ‘ஃபெரிக்’ வடிவத்தில் இருக்கிறது. குடல் செல்லின் வாசலில் நிற்கும் புரதமோ ‘ஃபெரஸ்’ வடிவத்தைத்தான் உள்ளே விடும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு எலக்ட்ரான். அதைக் கொடுத்து உதவுவது வைட்டமின் சி. எலுமிச்சை பிழிந்த பயறுக்கும் பிழியாத பயறுக்கும் சத்துப் பட்டியலில் இரும்பின் அளவு ஒன்றுதான். ரத்தத்தில் போய்ச் சேரும் அளவு வேறு.

1983இல் வெளியான ஓர் ஆய்வில், ஹாம்பர்கர் உணவோடு காபி குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. தேநீருக்கு அது 64 சதவீதம். காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது பாதிப்பே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது சேர்த்துக் குடித்த அதே பாதிப்பு! ‘சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆச்சே’ என்ற என் பழைய சமாதானம் அத்தோடு போயிற்று.

கேரட்டின் ஆரஞ்சு நிறப் பொருளான பீட்டா கரோட்டினுக்கு வேண்டிய துணை கொழுப்பு. பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது. கொழுப்போடு சேர்ந்து நுண்துளிகளாக மிதந்தால்தான் குடல்சுவரை எட்டும். எண்ணெய் துளியும் இல்லாத சாலட்டில் அதில் பெரும்பகுதி வீண். வாழைப்பழம் இன்னொரு ரகம். நறுக்கி வைத்தால் அதைப் பழுப்பாக்கும் நொதி, கூடச் சேர்த்து அரைக்கும் பெர்ரிகளில் உள்ள ஃபிளவனால்கள் என்ற தாவரச் சத்துகளையும் சிதைத்துவிடுகிறது. 2023இல் வந்த ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தியோடு ஃபிளவனால் எடுத்தவர்களின் ரத்தத்தில் அதன் அளவு, மாத்திரையாக எடுத்தபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைவாக இருந்தது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘இதோடு இதைச் சாப்பிடவே கூடாது’ என்று பட்டியல் போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் பெரிதாகத் தெரியும் விளைவு, பல வாரக் கலவை உணவில் மங்கிவிடும். இரும்பு குறைந்த உடம்பு தானே கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும்.

நாம் கவனிக்காமல் விடுவது வேறொன்று: உணவுகள் தனியாக வருவதில்லை, கூட்டாளியை இழுத்துக்கொண்டு வருகின்றன. உருளை வறுவல் வந்தால் பின்னாலேயே குளிர்பானம் வரும். வறுவலின் உப்பையும் எண்ணெயையும் நாம் கணக்கில் எடுக்கிறோம். கூட வந்த சர்க்கரையை வறுவலின் கணக்கில் எழுதுவதில்லை. அந்தக் குளிர்பானம் உட்கார்ந்த இடத்தில் பாலோ மோரோ பழமோ இருந்திருக்கலாம். அந்த இழப்பு எந்தப் பொட்டலத்தின் சத்து அட்டவணையிலும் அச்சாவதில்லை.