குறுக்குத் தொடர்பில் ஓர் அலை தெரிந்துவிட்டால் போதுமா?

ஒரு நியூரானின் ஸ்பைக் (அது விடும் குறுகிய மின் துடிப்பு) நேரங்களையும் கூடவே பதிவான எல்எஃப்பி சிக்னலையும் (சுற்றியுள்ள பல நியூரான்களின் கூட்டு மின் அலை) வைத்துக் குறுக்குத் தொடர்பு (ஒன்றை மற்றதன் மீது நேரத்தில் நகர்த்தி, ஒவ்வொரு நகர்விலும், அதாவது லேக்கிலும், எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு) போட்டுப் பாருங்கள், ஏதாவது ஒரு வளைவு வந்தே தீரும். என்னிடம் அதைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் உச்சியைக் காட்டி "தொடர்பு இருக்கிறது" என்பார்கள். நான் முதலில் கேட்பது, ஸ்பைக்குகளை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தால் அந்த உச்சி என்ன ஆகிறது என்பதைத்தான்.

கணக்கு எளிதானதுதான். ஒவ்வொரு ஸ்பைக்கைச் சுற்றியும் சிக்னலில் ஒரு துண்டை வெட்டி எல்லாவற்றையும் சராசரி எடுத்தால், அதுவே குறுக்குத் தொடர்பை ஸ்பைக் எண்ணிக்கையால் வகுத்தது. சராசரி மதிப்பை முன்பே கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் சிக்னலுக்குள்ளேயே இருக்கிறது. 8 ஹெர்ட்ஸ் தீட்டா அலை (நொடிக்கு எட்டு முறை ஏறி இறங்கும் மூளை அலை) வலுவாக ஓடும் பதிவில், அலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத 400 ஸ்பைக்குகளைச் சராசரி எடுத்தாலும் மூல அலையில் சுமார் 5 சதவீத உயரத்துக்கு அதே 8 ஹெர்ட்ஸ் அலை மிஞ்சும், பார்க்க அச்சு அசலாக உண்மையான முடிவு போலவே இருக்கும். அதே ஸ்பைக்குகள் ஐந்தைந்தாகக் கொத்தாக வந்தால் நிஜத்தில் உங்களிடம் இருப்பது 80 தனி நிகழ்வுகள்தான், மிச்சம் 11 சதவீதமாக ஏறிவிடும். அதனால் ஸ்பைக் எண்ணிக்கையை வைத்துப் பிழைக்கோடு போடாதீர்கள். ஸ்பைக் வரிசை முழுவதையும் ஒரு தற்செயலான அளவுக்குச் சுழற்றி நகர்த்தி, கொத்துகள் கலையாமல், ஆயிரம் முறை மறுபடி கணக்கிட்டு, ஒவ்வொரு முறையும் எல்லா லேக்குகளிலும் கிடைக்கும் பெரிய மதிப்பைக் குறித்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். ஸ்பைக் வேகம், சிக்னல் இரண்டுமே மெதுவாக ஏறி இறங்கும் பதிவில் இதுவும் ஏமாற்றும் (புள்ளியியலாளர் யூல் 1926-லேயே எச்சரித்த சங்கதி). அப்போது ஒவ்வொரு ஸ்பைக்கையும் சில பத்து மில்லிசெகண்டுக்குள் மட்டும் ஆட்டிப் பார்ப்பது நல்லது. ஆனால் அந்த ஆட்டத்தைவிட மெதுவான தொடர்புகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அப்புறம், கடிகாரம். ஸ்பைக்கும் சிக்னலும் தனித்தனிக் கருவிகளில் பதிவாகி, அவற்றின் ஓட்டத்தில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் விலகிவிடும். தீட்டாவின் ஒரு சுற்றே 125 மில்லிசெகண்ட்தான்! இருக்கிற தொடர்பும் அழிந்துபோகும். இரண்டு கருவிகளுக்கும் பொதுவான பல்ஸ் ஒன்றைப் பதிவு செய்யாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பூஜ்ய லேக்கில் ஊசி போல ஒரு பள்ளம் தெரிந்தால் பெரும்பாலும் அது அதே மின்முனையில் ஸ்பைக்கின் வடிவமே எல்எஃப்பிக்குள் கசிந்தது, பக்கத்து மின்முனையின் எல்எஃப்பியை எடுத்துப் பாருங்கள். ஃபில்டரும் சும்மா இருக்காது. ஒரே திசையில் ஓட்டினால் உச்சி பின்னால் தள்ளும், முன்னும் பின்னும் ஓட்டினால் தள்ளாது, ஆனால் ஸ்பைக்குக்கு முன்பே சிக்னல் அசைந்தது போன்ற மாயத்தை உண்டாக்கும்.

லேக்கின் குறி எந்தப் பக்கம் என்று மனதில் வைத்துக்கொள்ள முயல வேண்டாம், நம்பை என்ற பைதான் நூலகத்தின் கோரிலேட் கட்டளையில் இரண்டு உள்ளீடுகளை இடம் மாற்றினாலே படம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். பொய்யாகச் சில ஸ்பைக்குகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிசெகண்ட் கழித்துச் சிக்னலில் ஒரு மேடு வைத்து, அதே நிரலில் ஓட்டி, உச்சி எங்கே விழுகிறது என்று பாருங்கள். என் படம் ஒன்றில் குறி தலைகீழாக இருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன், போஸ்டர் அச்சடித்து ஒட்டிய மறுநாள்.