கெந்திங் இறக்கமும் பிரேக் ஆயிலும்

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது என் பெரோடுவா மைவி காரின் பிரேக் பெடல் ஒருமுறை பஞ்சு மாதிரி உள்ளே போனது. இன்ஜினுக்காக அந்தக் காடியில் நான் செய்யாத வேலை இல்லை. ஓப்பன் பாட் ஏர் ஃபில்டர், எக்சாஸ்ட், 16 அங்குல ஸ்போர்ட் ரிம் எல்லாம் போட்டிருந்தேன். பிரேக்கில் மட்டும் கை வைக்கவில்லை. பின் சீட்டில் அம்மாவும் தங்கையும். மேலேயிருந்து பெடலை லேசாக மிதித்தபடியே இறங்கி, கோத்தோங் ஜெயாவில் பத்து நிமிடம் நிறுத்தி, தே தாரேக் குடித்துவிட்டுப் புறப்பட்டோம். முதல் வளைவிலேயே பெடல் அமுங்கியது. கியரைக் குறைத்து, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, எப்படியோ ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது!

மேலேயிருந்து நிற்காமல் இறங்கியபோது வராத கோளாறு, ஓய்வு கொடுத்த பிறகு ஏன் வந்தது? ஆறியதும் எப்படித் தானாகச் சரியானது? பிரேக்கில் எதை மாற்றினால் பலன் உண்டு என்பதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது.

பிரேக் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காடி, நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் சுமார் 560 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் கிட்டத்தட்ட 2 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வீட்டுக் கெட்டில் பல நிமிடம் எடுத்துக்கொள்ளும் வேலை அது. அவசரமாக நிறுத்தும்போது பிரேக் அதை நாலே நொடியில் செய்தாக வேண்டும். கணக்குப் போட்டால் சராசரி 140 கிலோவாட் வருகிறது. 1.5 லிட்டர் மைவி இன்ஜினின் உச்சத் திறனே சுமார் 76 கிலோவாட்தான். ஆக, நாம் ஆசை ஆசையாகச் செலவழிக்கும் இன்ஜினைவிட, யாரும் எட்டிப் பார்க்காத பிரேக்தான் அந்தக் காடியின் பலசாலி.

ஒருமுறை நிறுத்துவதில் பிரச்சினை இல்லை. முன் சக்கரங்கள் சூட்டில் எழுபது விழுக்காட்டை வாங்கிக்கொள்கின்றன என்றால், சக்கரத்தோடு சுழலும் 5 கிலோ இரும்பு டிஸ்க் ஒன்று 80 டிகிரிக்கு மேல் சூடேறும், காற்று பட்டு ஆறிவிடும். மலை இறக்கம் வேறு கதை. கெந்திங் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். அங்கிருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினாலே, அதே காடி 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். கியரைக் குறைத்தால் அதில் பெரும்பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும். பெடலையே நம்பி இறங்கினால் அத்தனையும் டிஸ்க்கில்தான் இறங்கும்.

சரி, நின்ற பிறகு ஏன் கோளாறு வந்தது? பெடலை மிதித்தால் மாஸ்டர் பம்ப் பிரேக் ஆயிலை நெருக்குகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே, சக்கரத்தருகே பிஸ்டனைத் தாங்கும் கேலிப்பருக்குப் போய், பிஸ்டனைத் தள்ளி, பேட் என்ற உராய்வுக் கட்டையை டிஸ்க்கோடு அழுத்துகிறது. திரவம் சுருங்காது என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடே நிற்கிறது. ஓடும் காடியில் டிஸ்க்மேல் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். நின்றதும் காற்று போய்விடுகிறது. டிஸ்க்கின் சூடு பேட், பிஸ்டன் என்று ஊறி ஆயிலுக்கு வருகிறது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டதால் குழாயில் அழுத்தமும் இல்லை, அதனால் ஆயில் எளிதாகக் கொதிக்கிறது. உண்டாகும் குமிழிகள் ஆவி; ஆவி சுருங்கும். மிதிக்கும்போது கால் நெருக்குவது குமிழியைத்தான், பிஸ்டன் நகர்வதில்லை. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடுகிறது, பெடலும் திரும்பிவிடுகிறது. ‘அதுவே சரியாகிடுச்சு’ என்று பலர் அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போவது இதனால்தான்.

இத்தனை சீக்கிரம் கொதிக்கக் காரணம் தண்ணீர். சாதாரண பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ரப்பர் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். கோலாலம்பூர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன? பிரேக் ஆயிலின் தரத்தை டாட் என்ற எண்ணால் குறிப்பார்கள். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் 3.7 விழுக்காடு சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140தான். டாட் 4 ஆயிலுக்கு அது 230, 155. டாட் 5.1 ஆயிலுக்கு 260, 180. பழைய டாட் 5.1-ஐவிடப் புது டாட் 3 அதிகம் தாங்கும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் பிரேக்கில் நான் அறிந்த மிகச் சிறந்த அப்கிரேட். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் டாட் 5 வேறு, அது சிலிக்கோன். இவற்றோடு கலக்கவே கூடாது.

அடுத்தது பேட். சூடு எல்லை மீறினால் பேடைப் பிணைத்திருக்கும் பிசின் வாயுவைக் கக்கும், பிடிப்பு போகும். அப்போது பெடல் கல் மாதிரியே இருக்கும், காடிதான் நிற்காது. நல்ல சாலைப் பேட் இதைத் தள்ளிப் போடும். ரேஸ் பேட் மட்டும் வேண்டாம், அது சூடேறினால்தான் கவ்வும். காலையில் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் அது சூடேற வழியில்லை.

பெரிய டிஸ்க், பழைய காடிகளின் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கும் நாலு பிஸ்டன் கேலிப்பர் எல்லாம் அதற்கும் பிறகுதான். பெரிய டிஸ்க்கில் இரும்பு அதிகம், அதனால் சூட்டைத் தாங்கும். ஆனால் ஒரே ஒருமுறை நிறுத்தும் தூரத்தை அது பெரிதாகக் குறைக்காது. ஒரிஜினல் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவு பலம் கொண்டது, அதைத் தடுக்கத்தானே ஏபிஎஸ் இருக்கிறது? அதற்குமேல் தீர்மானிப்பது டயரின் பிடி. முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன்பின் சமநிலையும் குலையும்.

மறுநாள் செந்தூலில் ஒரு வொர்க்ஷாப்புக்குப் போனேன். ஃபோர்மேன் அண்ணன் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“தம்பி, இது கடைசியா எப்போ மாத்துனது?”

“காடி வாங்குனதிலேர்ந்து மாத்தலண்ணே.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் பம்ப்பிலிருந்து ஆகத் தூரத்தில் இருக்கும் இடது பின் சக்கரத்தில் தொடங்கினார். அங்கே ஆயிலை வெளியேற்றும் நட்டில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, மறுமுனையைப் போத்தலில் விட்டார். அவர் ‘மிதி’ என்றால் மிதிப்பேன், ‘பிடி’ என்றால் அப்படியே பிடிப்பேன், அவர் நட்டைத் திறப்பார். நட்டை மூடிய பிறகுதான் ‘விடு’ என்பார். குழாயில் முதலில் வந்தது தே ஓ, அதாவது பால் விடாத தேநீர் நிறம், நடுநடுவே குமிழி. ஏழெட்டு முறைக்குப் பிறகு மெல்ல வெளுத்து, தேன் நிறத்தில் தெளிவாக வர ஆரம்பித்தது. “இப்போ மிதிச்சுப் பாரு” என்றார். பெடல் பாதியிலேயே நின்றது.