'ஹேவ்' செய்யும் வேலைகள்

ஆங்கிலத்தில் 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்றால், என் முடியை நானே வெட்டியிருந்தேன் என்று பொருள். 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்றால், வேறொருவரிடம் கொடுத்து வெட்டிக்கொண்டேன். இரண்டிலும் அதே ஐந்து சொற்கள்தான். 'கட்' இடம் மாறியதும் கத்தரிக்கோல் கை மாறிவிடுகிறது!

'ஹேவ்' என்ற வினையின் ஆதிப்பொருள் கையால் பிடிப்பது. லத்தீனில் 'வைத்திருத்தல்' என்ற பொருள் தரும் 'ஹபேரே' இதற்கு உறவு போலத் தெரியும், உண்மையில் இல்லை. நிஜமான சொந்தம், அதே லத்தீனில் 'பிடி' என்று பொருள்படும் 'கபெரே'. லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான மூலமொழியின் 'க' ஒலி, ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் 'ஹ' ஆகிவிட்டது.

பிடித்திருப்பது உடைமையானது: 'ஐ ஹேவ் எ புக்'. சரி, இதில் புதிர் இல்லை. சுவாரசியம் அதற்கப்புறம்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், மீன் பிடித்தவர் 'மீனைப் பிடிபட்டதாக வைத்திருக்கிறேன்' என்ற அமைப்பில் சொல்ல முடிந்தது. 'பிடிபட்ட' என்பது அங்கே மீனுக்கு அடைமொழி. மீனின் வேற்றுமை விகுதியைத் தானும் ஏற்றது. நாளடைவில் விகுதி உதிர்ந்தது, அந்தச் சொல் நகர்ந்துபோய் 'ஹேவ்' அருகே நின்றது. உடைமைப் பொருள் மங்கி, வேலை முடிந்தது என்ற பொருள் மட்டும் தங்கியது. அதனால்தான் 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்று இன்று சொல்ல முடிகிறது. சாவியைத் தொலைத்தவரிடம் ஏது சாவி?

ஆனாலும் பழைய வாசனை முழுக்கப் போகவில்லை. 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே' தவறு என்று நம்மில் பலர் மனப்பாடம் செய்திருப்போம். காரணம் எளிது: 'ஹேவ்' நிகழ்கால வடிவம். பேச்சு இப்போதைய நிலையைப் பற்றியது; முடிந்துபோன 'நேற்று' அதோடு ஒட்டாது.

கேள்வி கேட்கும்போதும் வேறுபாடு தெரியும். துணைவினையாக வரும் 'ஹேவ்' தானே முன்னால் தாவும்: 'ஹேவ் யூ ஈட்டன்?'. உடைமை என்றால் பெரும்பாலும் 'டூ' உதவிக்கு வரும்: 'டூ யூ ஹேவ் எ பென்?'.

கட்டாயத்தைச் சொல்லும் 'ஹேவ் டு' உச்சரிப்பிலேயே பிரிந்துவிட்டது. பின்னால் வரும் 'ட' ஒலியின் பாதிப்பில் அது 'ஹேஃப் டு' ஆகிறது. 'வாட் ஐ ஹேவ் டு ஈட்' என்று 'வ்' கேட்கச் சொன்னால், சாப்பிட என்னிடம் இருப்பது. 'ஃப்' கேட்டால், பிடிக்காவிட்டாலும் நான் சாப்பிட்டே ஆகவேண்டியது.