ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆகாது: சுடாமல் செய்யும் பழ சீரியலின் அறிவியல்

உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறீர்களா? பாலாடை மாதிரி வழவழவென்று இருந்தது, கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் திரிதிரியாகி, ஈர மணல் போல இறுகிவிடும். முதல்முறை இந்தப் பழ சீரியலைச் செய்தபோது எனக்கு நடந்தது இதுதான். கழுவிய கிண்ணத்தைச் சரியாகத் துடைக்கவில்லை, அவ்வளவே. திரவத்தோடு திரவம் சேர்ந்தால் இன்னும் நீர்த்துப்போகத்தானே வேண்டும், ஏன் கட்டியாகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து மனதில் ஒட்டிக்கொண்டது.

விருந்துகளுக்குச் செய்யும் இந்தத் தின்பண்டம் மிகவும் எளிமையானது. சீரியல் எனப்படும், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் மொறுமொறு தானியத் துண்டுகள் மீது உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டையும் பழத்தூளையும் பூசி, ஒரு பையில் பொடித்த சர்க்கரையோடு போட்டுக் குலுக்கினால் முடிந்தது. ஓவனில் சுடவும் வேண்டாம், மாவும் பிசைய வேண்டாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் நாம் செய்வது ஒரே வேலைதான்: தண்ணீரை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது.

முதலில் சீரியல். ஒரு துண்டை உடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே முழுக்க காற்றுக் குமிழிகள், அவற்றைச் சுற்றி மிக மெல்லிய மாவுச்சத்துச் சுவர்கள். அந்தச் சுவர்கள் கண்ணாடி நிலையில் இருக்கின்றன. அதாவது, மூலக்கூறுகள் படிகம் போல ஒழுங்காக அடுக்கப்படாமல், கலைந்த நிலையிலேயே அசையாமல் உறைந்து நிற்கின்றன. கண்ணாடி வளையாது, உடையும். சீரியலும் அப்படித்தான். பல்லுக்கிடையே நூற்றுக்கணக்கான சுவர்கள் அடுத்தடுத்து உடையும் ஓசையைத்தான் மொறுமொறுப்பு என்கிறோம். ஓசை என்று சொன்னது சும்மா இல்லை. மாசிமிலியானோ ஸாம்பினி, சார்ல்ஸ் ஸ்பென்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிப்பவர்களின் காதில் கடிக்கும் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒலிக்கச் செய்தார்கள். சத்தம், குறிப்பாக அதன் உயர் அதிர்வெண் பகுதி, கூடியபோது அதே சிப்ஸ் இன்னும் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். ஆய்வு 2004இல் வெளியானது.

காய்ந்த சீரியலில் தண்ணீர் 2 முதல் 4 சதவீதம்தான் இருக்கும். அதற்கு மேல் நுழையும் நீர் மூலக்கூறுகள் மாவுச்சத்துச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை வழுக்க வைக்கின்றன. சுவர் உடைவதற்குப் பதிலாக வளைய ஆரம்பிக்கும். நமுத்துப்போவது என்பது இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும் என்பதை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை நீர்ச் செயல்பாடு என்று 0 முதல் 1 வரையிலான எண்ணால் குறிப்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு 1. உலர்திராட்சைக்கு 0.5, 0.6 அளவில் இருக்கும், புது சீரியலுக்கு அதைவிட மிகக் குறைவு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடினால், தொட்டால் காய்ந்ததாகவே தெரியும் திராட்சையிலிருந்து ஈரம் சீரியலுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் திராட்சை கல்லாகிவிடும், சீரியல் தோலாகிவிடும். அதனால் "பழச் சுவைதானே, உலர்பழத்தை நறுக்கிப் போட்டால் போயிற்று" என்பது சரிப்படாது.

அப்போ பழம் எப்படி உள்ளே வரும்? ஸ்ட்ராபெர்ரியில் சுமார் 91 சதவீதம் தண்ணீர். வெயிலிலோ சூட்டிலோ உலர்த்தினால் பழம் சுருங்கி மெல்லும்படி ஆகும், வாசனையும் பாதி போய்விடும். உறைய வைத்து உலர்த்தும் முறையில் பழத்தை முதலில் உறைய வைத்து, பிறகு காற்றழுத்தத்தை மிகவும் குறைத்துவிடுவார்கள். அழுத்தம் 611 பாஸ்கலுக்கு (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே போனால் திரவத் தண்ணீருக்கு இடமே இல்லை. பனிக்கட்டி உருகாமல் நேரடியாக ஆவியாகிப் போய்விடும். பனி இருந்த இடமெல்லாம் வெற்றுத் துளைகளாக மிஞ்சுவதால் பழம் பஞ்சு மாதிரி இலேசாகி, விரலால் நசுக்கினாலே தூளாகும். நிறமும் புளிப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி இரண்டும் நன்றாக வரும். புளூபெர்ரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஆந்தோசயனின் நிறமி அமிலம் குறைந்தால் ஊதாவாக மாறக்கூடியது, வெள்ளைச் சாக்லேட்டோடு சேர்ந்தால் சாம்பல் கலந்த ஊதாதான் கிடைக்கிறது.

இந்தத் தூளுக்கு ஈரம் என்றால் கொள்ளை ஆசை. பொட்டலத்தைப் பிரித்து, மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, சலித்து, உடனே மூடி வைத்துவிடுங்கள். ஈரப்பதமான நாளில் சிறிது நேரம் திறந்து கிடந்தாலே பிசுபிசுக்கத் தொடங்கிவிடும்.

சரி, சாக்லேட்டுக்கு வருவோம். வெள்ளைச் சாக்லேட்டில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை. மீதி கோகோ வெண்ணெயும் (கோகோ விதையின் கொழுப்பு) பால் பொருளும். சர்க்கரை அதில் கரைந்திருக்கவில்லை. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத அளவில், 20, 30 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களாகக் கொழுப்பில் மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் கொழுப்பு போர்த்தியிருப்பதால்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடுகின்றன. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், அது கொழுப்போடு ஒட்டாது, சர்க்கரையோடு ஒட்டும். துகள்களின் மேற்பரப்பு கரைந்து பாகாகும். அந்தப் பாகு பக்கத்துத் துகளோடு ஒட்டும், அது அடுத்ததோடு. கொழுப்பு வெளியே பிதுங்க, சர்க்கரை எல்லாம் கைகோத்துக்கொண்டு கட்டியாகிவிடும். அப்படி இறுகியதை, வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி நெகிழ வைக்கலாம். ஆனால் அது இனி சாஸ்தான், சீரியல் பக்கம் கொண்டு போகக் கூடாது. திரவ உணவு நிறங்களை இதில் சேர்க்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. அவற்றில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெயில் கரையும் நிறமோ தூளோதான் வேண்டும்.

சூடும் முக்கியம். பால் புரதமும் பால் சர்க்கரையும் இருப்பதால் வெள்ளைச் சாக்லேட் சீக்கிரம் அடிப்பிடித்துப் பழுப்பாகும். 45 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். மைக்ரோவேவில் பாதி சக்தியில் 30 விநாடி, வெளியே எடுத்துக் கிளறல், மறுபடி 30 விநாடி. இன்னும் சில கட்டிகள் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், கிண்ணத்தின் சூடே அவற்றை உருக்கிவிடும்.

கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். பளபளவென்று, பட்டென்று உடையும் சாக்லேட்டில் இருப்பது ஐந்தாம் வடிவம். அது சுமார் 34 டிகிரியில் உருகும், அதாவது வாய்க்குள் உருகும், அறையில் உருகாது. வெறுமனே உருக்கி ஆறவிட்டால் பெரும்பாலும் நான்காம் வடிவம்தான் உருவாகும். அது 27 டிகிரியிலேயே இளகும், நாளாக நாளாக மேலே வெள்ளை பூக்கும். சாக்லேட் செய்பவர்கள் இதற்காகத்தான் வெப்பநிலையை ஏற்றி இறக்கிப் பாடுபடுகிறார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை. மேலே சர்க்கரைப் பொடி மூடியிருப்பதால் பூத்தாலும் தெரியாது, விரலில் ஒட்டுவதும் குறைவு. ஆனால் வெக்கையான நாளில் சாக்லேட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே நறுக்கி வைத்து, மற்றதை உருக்கி இறக்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுங்கள். அதிலுள்ள ஐந்தாம் வடிவப் படிகங்கள் விதை மாதிரி வேலை செய்யும்.

அளவு சொல்கிறேன். 250 கிராம் சீரியலுக்கு 350 கிராம் வெள்ளைச் சாக்லேட், 30 கிராம் பழத்தூள், 150 கிராம் பொடித்த சர்க்கரை. பழத்தூளில் பாதியைச் சாக்லேட்டில் கலக்குங்கள், மீதியைச் சர்க்கரையோடு. வெளியே உள்ள தூள் நாக்கில் பட்டவுடன் புளிக்கும். உள்ளே உள்ளது தாமதமாக வரும், ஏனென்றால் பழ அமிலம் கொழுப்பில் கரையாது. கொழுப்பு உருகி, எச்சில் அதைத் தொட்ட பிறகுதான் புளிப்பு தெரியும். முதலில் புளிப்பு கலந்த இனிப்பு, அப்புறம் வெண்ணெய் போன்ற குளுமை, கடைசியில் சுரீரென்று மறுபடி ஒரு புளிப்பு. இந்த வரிசைக்காகவே இதைச் செய்யலாம்.

சீரியலில் சாக்லேட்டை ஊற்றியதும் அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டுங்கள். கொழுப்பு படாத ஒரு மூலை இருந்தால் போதும், ஈரம் அங்கே நுழையும். இப்போது பொறுமை தேவை. பூச்சு ஓடும் நிலையில் இருக்கும்போதே சர்க்கரையில் போட்டால், சர்க்கரைத் துகள்கள் கொழுப்பை உறிஞ்சிவிடும், துண்டுகள் நனைந்த மாதிரி அழுக்கு நிறமாகும். முழுக்க இறுகிவிட்டால் பொடி ஒட்டாது. ஒரு துண்டை விரலால் தொடுங்கள். ரேகை பதிய வேண்டும், நூல் இழுக்கக் கூடாது. அதுதான் சமயம். பாதிச் சர்க்கரையோடு ஒருமுறை குலுக்கி, தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, மீதியோடு மறுபடி குலுக்குங்கள். இரண்டாவது பொடி நனையாமல் நிற்கும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அதுவே காவலிருக்கும்.

பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதைத் தராதீர்கள், வெள்ளைச் சாக்லேட்டில் பால் இருக்கிறது.

வைப்பதில் பலர் தவறுவது குளிர்சாதனப் பெட்டியில்தான். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்து உடனே திறந்தால், காற்றிலுள்ள ஈரம் துண்டுகளின் மேல் பனியாகப் படியும். சாதாரண சர்க்கரை, காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை நெருங்கும்போதுதான் தானாகக் கரையத் தொடங்கும். பழத்தூளிலுள்ள பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கு 62 சதவீதமே போதும். அதனால் இளஞ்சிவப்புப் புள்ளிகள்தான் முதலில் கசியும். காற்றுப் புகாத டப்பாவில் அறை வெப்பத்திலேயே வையுங்கள். வெக்கைக்காகக் குளிரில் வைக்க நேர்ந்தால், எடுத்த டப்பாவை மூடியபடியே ஒரு மணி நேரம் மேசையில் விட்டுவிட்டு, அதன் வெளிப்புறம் வியர்த்துக் காய்ந்த பிறகு திறவுங்கள்.