செஸ் எஞ்சினுக்கு இரவல் புக் எதற்கு?

செஸ் ஆடும் மென்பொருளை எஞ்சின் என்பார்கள். அதில் பேர்போன ஸ்டாக்ஃபிஷை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதனால் லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் பாட் (எஞ்சின் தானாக ஆடும் கணக்கு) ஓட்டுகிறவர்கள் தங்கள் கைவண்ணத்தைக் காட்ட முடிகிற இடம் ஓப்பனிங் புக்தான், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் எந்த நிலையில் எதை ஆடலாம் என்று எஞ்சினுக்கு முன்கூட்டியே எழுதித் தரும் கோப்பு. (மனிதக் கணக்கில் எஞ்சினை ஆடவிடுவது ஏமாற்று. ஓர் ஆட்டம்கூட ஆடாத புதுக் கணக்கை பாட் கணக்காக மாற்றிக்கொண்டு தாராளமாக ஆடலாம்.) கோத்தகிரியில் ஐப்பசி மழைக்கு நெட் தடுமாறும்போது ஒவ்வொரு நகர்வும் சர்வருக்குப் போய்ச்சேரவே நேரம் பிடிக்கும். ஒரு நிமிட ஆட்டத்தில் முதல் பத்து நகர்வை யோசிக்காமல் ஆடிவிட்டால், அந்த நேரம் கையில் மிஞ்சும்.

பெரும்பாலோர் பயன்படுத்துவது பாலிகிளாட் என்ற நிரலின் வகை புக். ஒவ்வொரு பதிவும் வெறும் 16 பைட்: நிலையின் அடையாள எண்ணுக்கு 8, நகர்வுக்கு 2, எடைக்கு (மற்ற நகர்வுகளோடு ஒப்பிட்டால் இதை எவ்வளவு அடிக்கடி ஆட வேண்டும் என்ற அளவு) 2, கற்றலுக்கு என்று ஒதுக்கியது 4. அடையாள எண்ணுக்கான வழியை 1970-இல் ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் சொன்னார். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதற்கென ஒரு 64 பிட் எண் உண்டு. பலகையில் இருக்கும் காய்களின் எண்களை எக்ஸ்ஆர் முறையில் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு) கலந்தால் அந்த நிலைக்கு ஓர் எண் கிடைக்கும். வந்த வழி அதில் பதிவாகாது. வெள்ளை டி4 ஆடிவிட்டு சி4 ஆடினாலும் சரி, முதலில் சி4 ஆடினாலும் சரி, கறுப்பு குதிரையை எஃப்6-லும் சிப்பாயை ஈ6-லும் வைத்த பிறகு எண் ஒன்றே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறினாலும் கோத்தகிரி வழியாக ஏறினாலும் ஊட்டிதானே வருகிறது!

பதிவுகள் எண் வரிசையில் இருப்பதால், பத்து லட்சம் பதிவுள்ள புக்கிலும் சுமார் இருபது ஒப்பீட்டில் நிலை அகப்பட்டுவிடும்.

சிக்கல் எடையில்தான். ஆட்டத் தொகுப்பிலிருந்து புக் செய்யும்போது பாலிகிளாட் வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்று கூட்டுகிறது. ஒரு பழைய நகர்வு 1000 ஆட்டத்தில் 300 வெற்றி, 400 டிரா, 300 தோல்வி கண்டிருந்தால் எடை 1000. புதிய நகர்வு 50 ஆட்டத்தில் 30 வெற்றி, 20 டிரா, தோல்வியே இல்லை, எடை 80. புதியது பதின்மூன்று, பதினான்கு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும். நெட்டில் கிடைக்கும் பெரிய புக்கை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அதன் எடை பலர் ஆடியதைச் சொல்கிறது, நல்லதைச் சொல்வதில்லை.

அதற்காக எடை அதிகமுள்ள நகர்வை மட்டுமே ஆடும்படி வைத்துவிடவும் கூடாது. எதிராளி பாட் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தால் அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஜெயிக்கும். எடைக்கேற்பக் குலுக்கிப் போடும் அமைப்பே நல்லது.

அப்புறம் வெட்டும் வேலை. புக் முடிகிற ஒவ்வொரு நிலையையும் எஞ்சினிடம் கொடுத்து ஆழமாக யோசிக்க விடுங்கள். நம் பக்கம் அரை சிப்பாய்க்கு மேல் பின்தங்கியிருந்தால், எங்கே தடம் மாறியது என்று பின்னோக்கிப் போய் அந்த நகர்வின் எடையைக் குறையுங்கள், அல்லது கிளையையே எடுத்துவிடுங்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் தனித்தனி புக் வைத்துக்கொண்டால் இந்த வேலை பாதியாகக் குறையும். கறுப்பு புக்கில் எதிராளியின் விசித்திர நகர்வுகளுக்கும் பதில் இருக்க வேண்டும். வெள்ளை புக்கில் நாம் ஆடப்போகும் இரண்டு, மூன்று ஓப்பனிங் மட்டும் போதும்.